ஆவூர் பெரியநாயகி மாதா ஆலயம்

ஆவூர் பெரியநாயகி மாதா ஆலயம் என்பது தமிழ்நாட்டின் புதுக்கோட்டை மாவட்டத்தில், விராலிமலை ஊராட்சி ஒன்றியத்தைச் சேர்ந்த ஆவூர் என்னும் சிற்றூரில் அமைந்துள்ள பழமையான கத்தோலிக்கத் தேவாலயம் ஆகும். 17ஆம் நூற்றாண்டின் இறுதியில் இயேசு சபையைச் சேர்ந்த பிரெஞ்சுக் குருவான ழான் வெனான்ஸ் புஷே இவ்வூரில் முதல் ஆலயத்தை எழுப்பினார். பிற்காலத்து ஆலயம் 1747ஆம் ஆண்டில் கட்டப்பட்டது. தமிழறிஞர் வீரமாமுனிவர் இங்குப் பணியாற்றியுள்ளார். ஆவூரில் பல ஆண்டுகள் வாழ்ந்த புஷே அடிகள் பிரான்சுக்கு எழுதிய கடிதங்கள் வாயிலாகத் தமிழகத்தின் நீதி வழக்கங்கள், சமயக் கருத்துகள், நிலவியல் ஆகியவை 18ஆம் நூற்றாண்டு ஐரோப்பிய வாசகர்களை எட்டின. இக்காரணத்தால் இவ்வாலயம் சமய வரலாற்றில் மட்டுமின்றித் தமிழகச் சமூக வரலாற்றிலும் இடம் பெறுகிறது.

பெயர்

"ஆ" என்பது பசுவைக் குறிக்கும் சொல். ஆவூர் என்னும் பெயரில் தமிழகத்தில் ஒன்றுக்கு மேற்பட்ட ஊர்கள் உள்ளன. திருவாரூர் மாவட்டம் வலங்கைமான் வட்டத்தில் பசுபதீசுவரர் கோயில் அமைந்துள்ள ஆவூர் தேவாரப் பாடல் பெற்ற தலமாகும். அது வேறு ஊர். இக்கட்டுரையில் கூறப்படும் ஆவூர் புதுக்கோட்டை மாவட்டத்தைச் சேர்ந்தது. பிரெஞ்சு மொழிக் கடிதங்களில் இவ்வூரின் பெயர் "அவூர்" என்னும் ஒலிப்புக்கு நெருக்கமாக எழுதப்பட்டுள்ளது.

பெரியநாயகி என்பது தமிழகச் சிவாலயங்கள் பலவற்றில் அம்மனுக்கு வழங்கும் பெயராகும். தஞ்சைப் பெரிய கோயிலின் அம்மனும் பெரியநாயகி எனவே அழைக்கப்படுகிறார். கன்னி மரியாளுக்கு இப்பெயரைச் சூட்டியது, உள்ளூர் மக்களின் சமய மொழியையே கிறித்தவ வழிபாட்டுக்கும் பயன்படுத்திய இயேசு சபையினரின் அணுகுமுறையைக் காட்டுகிறது. வீரமாமுனிவரோடு தொடர்புடைய கோணான்குப்பம் ஆலயமும் (கடலூர் மாவட்டம்) பெரியநாயகி அன்னையின் பெயரிலேயே அமைந்துள்ளது. இரண்டும் வெவ்வேறு ஆலயங்கள் என்பது நினைவிற்கொள்ளத்தக்கது.

அமைவிடம்

ஆவூர், திருச்சிராப்பள்ளி, விராலிமலை, கீரனூர் ஆகிய ஊர்களுக்கு இடைப்பட்ட பகுதியில் உள்ளது. வானம் பார்த்த செம்மண் நிலமும், ஏரி, கண்மாய்ப் பாசனமும், ஆங்காங்கே எழும் கருங்கல் குன்றுகளும் இப்பகுதியின் அடையாளங்கள். நார்த்தாமலை, குடுமியான்மலை, சித்தன்னவாசல் ஆகிய புகழ்பெற்ற குன்றுகள் இதே வட்டாரத்தைச் சேர்ந்தவை. கல் குவாரித் தொழில் இம்மாவட்டத்தின் தொழில்களுள் ஒன்றாகும்.

ஆவூர் முன்னர் புதுக்கோட்டை சமத்தானத்தின் ஒரு பகுதியாக இருந்தது. சமத்தானம் 1948 மார்ச் 3 அன்று இந்திய ஒன்றியத்துடன் இணைக்கப்பட்டுத் திருச்சிராப்பள்ளி மாவட்டத்தில் சேர்க்கப்பட்டது. புதுக்கோட்டை மாவட்டம் 1974 சனவரி 14 அன்று உருவாக்கப்பட்டது.

வரலாற்றுப் பின்னணி

மதுரை மிஷன்

தமிழகத்தின் உள்நாட்டுப் பகுதிகளில் இயேசு சபையினர் நடத்திய சமயப்பணி "மதுரை மிஷன்" என அழைக்கப்படுகிறது. பிரான்சிசு சவேரியார் 1542இல் முத்துக்குளித்துறைக்கு வந்தபின் கடற்கரைப் பரதவர் ஊர்களில் கிறித்தவம் பரவியது. உள்நாட்டில் அது வேரூன்றவில்லை. போர்த்துக்கேயரும் அவர்களைச் சார்ந்தோரும் "பரங்கியர்" என்று இகழப்பட்டதும், பரங்கியரின் சமயத்தை ஏற்பது சாதியை இழப்பதற்குச் சமம் என மக்கள் கருதியதும் இதற்கு முக்கியக் காரணங்கள்.

1606இல் மதுரைக்கு வந்த இராபர்ட் தெ நொபிலி இந்நிலையை மாற்ற முயன்றார். அவர் காவியுடை அணிந்து, புலால் நீக்கி, துறவியைப் போல வாழ்ந்தார். தமிழும் வடமொழியும் கற்றார். 1640இல் பல்தசார் த கோஸ்தா என்பவர் பண்டாரசாமி என்னும் மற்றொரு முறையைத் தொடங்கினார். உயர்சாதியினரோடு மட்டும் பழகும் கட்டுப்பாடு பண்டாரசாமிகளுக்கு இல்லாததால், அவர்கள் உழவர், கைவினைஞர், தாழ்த்தப்பட்டோர் ஆகியோரிடையே பணிபுரிய முடிந்தது. 17ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் மிஷனின் வளர்ச்சி பெரும்பாலும் இவர்களாலேயே ஏற்பட்டது.

அரசியல் சூழல்

ஆவூர் ஆலயம் தோன்றிய காலத்தில் மதுரை நாயக்க அரசின் தலைநகரம் திருச்சிராப்பள்ளி ஆகும். இராணி மங்கம்மாள் 1689 முதல் தன் பேரனின் சார்பில் ஆட்சி புரிந்தார். பிற சமயத்தாரிடம் அவர் காட்டிய பொறுமை பாராட்டப்படுவதாகும். கிழக்கே தஞ்சாவூரில் மராத்தியர் ஆண்டனர். தெற்கே இராமநாதபுரத்தில் கிழவன் சேதுபதி எனப்படும் இரகுநாத சேதுபதி ஆட்சி செய்தார். இடையில் புதுக்கோட்டையில் இரகுநாதராயத் தொண்டைமான் (ஆட்சி 1686–1730) தம் அரசை நிலைநாட்டிக்கொண்டிருந்தார். இவருடைய சகோதரி காதலியைக் கிழவன் சேதுபதி மணந்திருந்தார். இவர்களுக்கிடையே சிறு பாளையக்காரர்கள் பலர் தத்தம் எல்லைகளை ஆண்டுவந்தனர்.

இவ்வரசுகள் அனைத்தும் கிறித்தவர்களை ஒரே விதமாக நடத்தவில்லை. மறவர் நாட்டில் 1693 பெப்ரவரி 4 அன்று ஓரியூரில் அருளானந்தர் எனப்படும் ஜான் தெ பிரித்தோ கொல்லப்பட்டார். தஞ்சாவூரில் 1701இல் கிறித்தவர்கள் கடும் துன்பத்திற்கு உள்ளாயினர். திருச்சிராப்பள்ளித் தலைநகருக்கு அருகில் இருந்தும் அதன் நேரடிப் பார்வையிலிருந்து சற்று விலகியிருந்த, தஞ்சை, மறவர் எல்லைகளிலிருந்து ஓரளவு எளிதில் வந்தடையக்கூடிய ஆவூர் போன்ற ஊர் ஒரு மையத்துக்கு ஏற்ற இடமாக இருந்தது.

முதல் ஆலயம்

ழான் வெனான்ஸ் புஷே 1655இல் பிரான்சின் பொந்தனே-லெ-கோந்த் என்னும் ஊரில் பிறந்தார். இயேசு சபையில் சேர்ந்து 1687இல் பிரெஞ்சுத் தூதுக்குழுவுடன் சியாமுக்குக் (இன்றைய தாய்லாந்து) கப்பலேறினார். 1688இல் சியாமில் நிகழ்ந்த அரசியல் புரட்சியால் பிரெஞ்சுக்காரர்கள் அங்கிருந்து வெளியேற நேர்ந்தது. அதன்பின் புஷே புதுச்சேரிக்கு வந்து, அங்கிருந்து மதுரை மிஷனில் இணைந்தார்.

மதுரை மிஷன் போர்த்துக்கேய அரசின் ஆதரவுரிமைக்கு உட்பட்டது. பிரெஞ்சுக்காரரான புஷே அதில் பணிபுரிந்தது அக்காலத்தில் வழக்கத்துக்கு மாறானது. பத்தாண்டுகளுக்கும் மேலாக அவர் அம்மிஷனில் இருந்தார். அக்காலத்தின் பிற்பகுதியில் அவருடைய மையமாக விளங்கியது ஆவூர் ஆகும். அங்கு அவர் எழுப்பிய ஆலயத்தின் காலம் வரலாற்று நூல்களில் 1697 எனக் குறிக்கப்படுகிறது. அவ்வட்டாரத்துக் கிறித்தவர்கள் திருவிழாக் காலங்களில் ஆவூரில் கூடினர். 1700ஆம் ஆண்டு திசம்பரில் பியேர் மர்த்தேன் என்னும் மற்றோர் இயேசு சபைக் குரு ஆவூரிலிருந்து எழுதிய கடிதம் அச்சில் வெளிவந்துள்ளது. அவ்வாண்டிற்குள் இவ்வூர் மிஷனின் முக்கிய இருப்பிடமாகிவிட்டது என்பதற்கு அது சான்றாகும்.

கட்டப்பட்ட ஆண்டு குறித்த குழப்பம்

சுற்றுலா வெளியீடுகளிலும் பல இணையப் பக்கங்களிலும், ஆவூரின் பழைய ஆலயத்தை 1547இல் புஷே அடிகள் கட்டினார் என்று காணப்படுகிறது. இவ்வாண்டு பொருந்தாது. காரணங்கள் பின்வருமாறு:

1. புஷே பிறந்தது 1655இல். 1547இல் அவர் ஓர் ஆலயத்தைக் கட்டியிருக்க இயலாது.
2. மதுரையில் இயேசு சபைக் குரு ஒருவர் தங்கிப் பணிபுரியத் தொடங்கியது 1595இல். அவரும் அங்கு வந்து செல்லும் பரதவர்களுக்காகவே நியமிக்கப்பட்டிருந்தார்.
3. 1547இல் இயேசு சபையினரின் தமிழகப் பணி கடற்கரையோடு நின்றிருந்தது. இயேசு சபைக்கே திருத்தந்தையின் ஒப்புதல் கிடைத்தது 1540இல்தான்.

1547, 1747 ஆகிய இரண்டு எண்களுக்கும் இடையே ஓர் இலக்கம் மட்டுமே வேறுபடுகிறது என்பது கவனிக்கத்தக்கது. எழுத்துப்பிழையாகத் தோன்றிய எண், ஒரு வெளியீட்டிலிருந்து மற்றொன்றுக்குப் படியெடுக்கப்பட்டு நிலைபெற்றிருக்கக்கூடும். இப்பிழையால் ஆலயத்தின் வயது நூற்றைம்பது ஆண்டுகள் கூடுகிறது. ஆனால் அதே பிழை, ஆவூர் ஆலயம் தோன்றக் காரணமான நொபிலி, த கோஸ்தா, பிரித்தோ ஆகியோரின் காலத்தை முழுவதுமாக மறைத்துவிடுகிறது. மாணவர்கள் இவ்வாண்டை மேற்கோளாகக் கையாளும்போது கவனம் தேவை.

தளவாயுடன் சந்திப்பு

1700ஆம் ஆண்டை ஒட்டிப் புஷே அடிகள் திருச்சிராப்பள்ளிக்குச் சென்று, மங்கம்மாளின் ஆட்சியை நடத்திவந்த தளவாய் நரசப்பையரைச் சந்தித்தார். அதுவரை மிஷன் குருக்கள் அரசவையை நெருங்கத் தயங்கினர். தாங்கள் ஐரோப்பியர் என அறியப்பட்டால் பரங்கியர் என்று இகழப்பட்டு, தங்கள் பணி முழுவதும் குலைந்துவிடும் என்பது அவர்களது அச்சம்.

புஷே கொண்டுசென்ற கையுறைப் பொருட்களின் பட்டியல் இயேசு சபைக் கடிதங்களில் இடம்பெற்றுள்ளது. அவற்றுள் சிறப்பானது ஏறத்தாழ இரண்டு அடி விட்டமுள்ள பூகோள உருண்டை. அதில் நாடுகளின் பெயர்கள் தமிழில் எழுதப்பட்டிருந்தன. கண்ணாடி உருண்டை, சூரிய ஒளியைக் குவித்து எரிக்கும் கண்ணாடிகள், சீனத்துக் கலைப்பொருட்கள் முதலியனவும் இருந்தன. தளவாய் அவரை மரியாதையுடன் வரவேற்று, மரியாதைகளுடன் வழியனுப்பினார். தலைநகரில் கிடைத்த இவ்வரவேற்பு, சுற்றியுள்ள பாளையங்களில் கிறித்தவர்களுக்குப் பாதுகாப்பாக அமைந்தது.

உபதேசியார்கள்

மதுரை மிஷனில் ஐரோப்பியக் குருக்களின் எண்ணிக்கை எக்காலத்திலும் மிகக் குறைவு. ஒரு குரு பல நாள் நடைத் தொலைவுக்குப் பரவிய ஊர்களைக் கவனிக்க வேண்டியிருந்தது. எனவே அன்றாடப் பணியை நடத்தியவர்கள் உபதேசியார்கள் எனப்படும் உள்ளூர்த் தமிழர்களே ஆவர். செபங்களையும் ஞானோபதேசத்தையும் கற்பித்தல், நோயாளிகளைச் சந்தித்தல், இறக்கும் நிலையிலுள்ள குழந்தைகளுக்கு ஞானஸ்நானம் கொடுத்தல், ஊர்ச் சண்டைகளைத் தீர்த்தல், அடுத்து வரும் குருவுக்குச் செய்திகளைச் சேர்த்தல் ஆகியவை இவர்களின் கடமைகள்.

குரு ஊருக்கு வரும் நாட்கள் குறைவாதலால், திருவிழாவுக்கு மக்கள் மையத்தை நோக்கி வருவது இயல்பாயிற்று. ஆவூர் போன்ற ஊர்களில் தேரும் திருவிழாவும் முக்கியத்துவம் பெற்றதற்கு இந்த அமைப்பும் ஒரு காரணமாகும்.

ஐரோப்பா சென்ற கடிதங்கள்

இயேசு சபையினர் உலகின் பல பகுதிகளிலிருந்து எழுதிய கடிதங்கள் 1702 முதல் 1776 வரை பாரிசில் 34 தொகுதிகளாக வெளியிடப்பட்டன. பிரான்சின் படித்த மக்கள் இவற்றை ஆர்வத்துடன் வாசித்தனர். புஷே எழுதிய கடிதங்கள் இத்தொகுப்பில் குறிப்பிடத்தக்க இடம் பெறுகின்றன. இவற்றுள் பல அவர் ஆவூரை விட்டுச் சென்றபின் புதுச்சேரியிலிருந்து எழுதப்பட்டவை. எனினும் அவற்றில் உள்ள செய்திகளின் அடிப்படை, ஆவூர் முதலிய உள்நாட்டு ஊர்களில் அவர் மக்களோடு மக்களாக வாழ்ந்த ஆண்டுகளே ஆகும்.

நீதி வழக்கங்கள்

1714 அக்டோபரில் புஷே பாரிசு நீதிமன்றத்தைச் சேர்ந்த ஓர் அதிகாரிக்கு இந்நாட்டு நீதிமுறை குறித்து நீண்ட கடிதம் எழுதினார். தமிழகத்தில் சட்டத் தொகுப்பு நூல்களைக் கொண்டு தீர்ப்பளிக்கும் வழக்கம் இல்லை என்றும், தலைமுறை தலைமுறையாக வரும் வழக்கங்களே சட்டமாக உள்ளன என்றும் அவர் விளக்கினார். அவ்வழக்கங்கள் சிறு வாய்மொழிகளாக மக்களின் நினைவில் இருந்தன. ஊர்த் தலைவர் தம் ஊருக்கு நீதிபதியாகவும், சாதித் தலைவர்கள் தம் சாதியின் விவகாரங்களுக்கு நீதிபதிகளாகவும் இருந்தனர். மகன்களுக்கே சொத்துரிமை, பாகம் பிரிக்காத சொத்து அனைவருக்கும் பொது, தத்துப்பிள்ளைக்குப் பெற்ற பிள்ளைக்கு நிகரான உரிமை போன்ற விதிகளை அவர் விளக்கங்களுடன் எழுதியுள்ளார்.

இக்கடிதத்திலேயே மரியாதை ராமன் கதைகள் இடம்பெறுகின்றன. இரு மனைவியரில் ஒருத்தி தன் குழந்தையைத் தானே கொன்று மற்றவள் மேல் பழி சுமத்திய வழக்கு அவற்றுள் ஒன்று. நாணத்திற்கு ஒவ்வாத செயல் ஒன்றைச் சபையில் செய்யுமாறு நீதிபதி இருவருக்கும் ஆணையிடுகிறார். உயிரே போனாலும் செய்யேன் என்றவள் குற்றமற்றவள் என்பது தீர்ப்பு. மற்றொரு கதையில், கணவனின் உருவத்தில் வேறொருவன் வந்து வீட்டில் நுழைந்துவிடுகிறான். பெரிய கல்லைத் தூக்கும் சோதனையில், மனித ஆற்றலுக்குட்பட்டு முயன்றவனே உண்மையான கணவன் எனவும், இறகைப் போல் தூக்கியவன் மனிதனல்லன் எனவும் முடிவு கூறப்படுகிறது. இன்றும் தமிழ்ச் சிறுவர் நூல்களில் வழங்கும் மரியாதை ராமன் கதைகள், முந்நூறு ஆண்டுகளுக்கு முன்பே மக்களிடையே பரவலாக வழங்கின என்பதற்கு இக்கடிதம் காலம் குறிக்கப்பட்ட சான்றாக உள்ளது.

சமயக் கருத்துகள்

அவ்ராஞ்ச் நகர ஆயரும் அறிஞருமான பியேர் தானியேல் உவே என்பவருக்குப் புஷே எழுதிய கடிதங்கள் இந்துக் கதைகளையும் மறுபிறப்புக் கொள்கையையும் பற்றியவை. பிரமன், சரசுவதி ஆகிய பெயர்களை விவிலியத்தின் ஆபிரகாம், சாரா ஆகிய பெயர்களோடு ஒப்பிட்டு, இந்தியக் கதைகள் எபிரேய மரபிலிருந்து வந்தவை என்று அவர் வாதிட்டார். இவ்வொப்பீடு மொழியியல் அடிப்படையில் ஏற்கத்தக்கதன்று. ஆயினும் மக்கள் சொன்ன கதைகளை அவர் விரிவாகப் பதிவுசெய்தமையால், இக்கடிதங்கள் 18ஆம் நூற்றாண்டுத் தொடக்கத்தில் தமிழகத்தில் வழங்கிய சமய நம்பிக்கைகளை அறிய உதவுகின்றன. பிரான்சிசு எக்சு. குலூனி என்னும் அறிஞர் புஷேயின் இந்திய அனுபவம் குறித்து எழுதிய நூல் 2005இல் சென்னையில் வெளியானது.

நிலப்படம்

புஷே தென்னிந்தியாவின் நிலப்படம் ஒன்றையும் உருவாக்கினார். இது 1722இல் மேற்கூறிய கடிதத் தொகுப்பில் வெளியானது. அதற்கு முந்தைய ஐரோப்பிய வரைபடங்களில் கடற்கரை ஊர்கள் ஓரளவு சரியாக இருந்தன. உள்நாடு பெரும்பாலும் ஊகமாகவே வரையப்பட்டிருந்தது. உள்நாட்டில் பல ஆண்டுகள் நடந்து திரிந்த குருக்களின் அறிவு இப்படத்தில் பயன்பட்டது. பிரெஞ்சு நிலவியலாளர் தான்வீல் தம் சோழமண்டலக் கடற்கரைப் படத்திற்கு இதனைப் பயன்படுத்திக்கொண்டார்.

சடங்குச் சர்ச்சை

1702ஐ ஒட்டிப் புஷே ஆவூரை விட்டு, பிரெஞ்சு இயேசு சபையினரின் கர்நாடக மிஷனின் தலைமைப் பொறுப்பை ஏற்றார். தக்கோலத்தில் அவர் சிறைப்படுத்தப்பட்டு, பின் விடுவிக்கப்பட்டார்.

1703 நவம்பரில் திருத்தந்தையின் தூதராகப் புதுச்சேரிக்கு வந்த தூர்னோன், 1704இல் இயேசு சபையினர் பின்பற்றிய உள்ளூர் வழக்கங்களைத் தடைசெய்யும் 16 பிரிவுகள் கொண்ட ஆணையை வெளியிட்டார். இது "மலபார் சடங்குச் சர்ச்சை" எனப்படுகிறது. ஞானஸ்நானத்தில் உமிழ்நீர் பயன்படுத்தாமல் விட்டது, பிள்ளையார் உருவம் பொறித்த தாலி, குழந்தைத் திருமணம், கிறித்தவ இசைக்கலைஞர்கள் கோயில் விழாக்களில் வாசித்தல் முதலியன அதில் இடம்பெற்றன. நோயுற்ற தாழ்த்தப்பட்ட கிறித்தவர்களின் வீடுகளுக்குக் குருக்கள் செல்ல மறுக்கக்கூடாது என்பதும் அவ்வாணையின் ஒரு பிரிவு. இவ்வாணையை எதிர்த்து முறையிடுவதற்காகப் புஷேயும், பின்னர் மயிலாப்பூர் ஆயரான லாய்னெசும் ரோமுக்குச் சென்றனர்.

சர்ச்சை நாற்பது ஆண்டுகள் நீடித்தது. 1744 செப்டம்பர் 12 அன்று திருத்தந்தை பதினான்காம் ஆசீர்வாதப்பர் வெளியிட்ட ஆணை அதனை முடித்துவைத்தது. தாழ்த்தப்பட்டோரிடையே பணிபுரியத் தனிக் குருக்களை நியமிக்கும் இயேசு சபையினரின் யோசனையை அவ்வாணை ஏற்றது. உள்ளூர் வழக்கங்களை மதித்த அணுகுமுறை கிறித்தவத்தைத் தமிழ்மயமாக்கியது. அதே அணுகுமுறை சாதி வேற்றுமையைத் திருச்சபைக்குள் தொடரவும் இடமளித்தது. ஆவூர் போன்ற மையங்களின் வரலாற்றில் இவ்விரண்டையும் சேர்த்தே காணவேண்டும். புஷே 1732இல் புதுச்சேரியில் காலமானார்.

வீரமாமுனிவர்

வீரமாமுனிவர் எனப்படும் கான்ஸ்தான்சோ ஜோசப் பெஸ்கி 1680 நவம்பர் 8 அன்று இத்தாலியில் பிறந்தார். 1710இல் கோவாவுக்கும், அடுத்த ஆண்டில் தமிழகத்திற்கும் வந்தார். அவர் பணியாற்றிய ஊர்களுள் ஆவூரும் ஒன்று. தேம்பாவணி, தொன்னூல் விளக்கம், சதுரகராதி, கொடுந்தமிழ் இலக்கணம், பரமார்த்த குரு கதை முதலியவை இவரது நூல்கள். 1732இல் நிறைவுற்ற சதுரகராதி, தமிழ்ச் சொற்களை அகரவரிசையில் தந்து நிகண்டு முறையிலிருந்து அகராதி முறைக்கு வழிகோலியது.

புஷே ஆவூரை விட்டு நீங்கிய பின்னரே பெஸ்கி தமிழகம் வந்தார். எனவே இருவரும் ஆவூரில் ஒரே காலத்தில் பணியாற்றவில்லை. மேலும் பெஸ்கி 1747 பெப்ரவரி 4 அன்று காலமானார். ஆதலால் அவருடைய ஆவூர்ப் பணி, 1747இல் கட்டப்பட்ட ஆலயத்துக்கு முந்தைய காலத்தைச் சேர்ந்தது.

1747ஆம் ஆண்டு ஆலயம்

18ஆம் நூற்றாண்டின் இரண்டாம் கால்பகுதி இவ்வட்டாரத்துக்கு அமைதியற்ற காலமாகும். 1734இல் தஞ்சைப் படை புதுக்கோட்டைப் பகுதியில் புகுந்தது. 1736இல் சந்தா சாகிபு திருச்சிராப்பள்ளியைக் கைப்பற்ற, நாயக்கர் ஆட்சி முடிவுக்கு வந்தது. 1741இல் மராத்தியர் அந்நகரைக் கைப்பற்றினர். 1743இல் அது நிசாமின் வசமாயிற்று. 1751இல் ஆங்கிலேயரும் பிரெஞ்சுக்காரரும் இருதரப்பிலும் நின்று போரிட்ட திருச்சிராப்பள்ளி முற்றுகை தொடங்கியது. புதுக்கோட்டைத் தொண்டைமான் அதில் ஆங்கிலேயர், முகமது அலி ஆகியோர் பக்கம் நின்றார்.

ஆவூரில் புதிய ஆலயம் கட்டப்பட்ட 1747, இப்போர்களுக்கு இடைப்பட்ட சில ஆண்டு அமைதியில் அமைகிறது. விசயரகுநாதராயத் தொண்டைமான் (ஆட்சி 1730–1769) அப்போது புதுக்கோட்டையின் அரசர்.

இயேசு சபை ஒழிப்பும் மீட்பும்

1759இல் போர்த்துக்கல் அரசு தன் ஆட்சிப் பகுதிகளிலிருந்து இயேசு சபையினரை வெளியேற்றியது. மதுரை மிஷன் போர்த்துக்கேய ஆதரவில் இயங்கியதால், புதிய குருக்களின் வருகை நின்றது. 1773 சூலை 21 அன்று திருத்தந்தை பதினான்காம் கிளமெண்ட் சபையையே கலைத்தார். இருந்த குருக்கள் முதுமையடைந்து மறைய, தமிழகத்தின் உள்நாட்டுக் கிறித்தவ ஊர்கள் பல கோவாவிலிருந்து வந்த குருக்களின் பொறுப்பில் வந்தன. நீண்ட இடைவெளிகளில் சமயத்தைக் காத்தவர்கள் உபதேசியார்களும் ஊர்ப் பெரியவர்களுமே.

இயேசு சபை 1814இல் மீண்டும் நிறுவப்பட்டது. பிரெஞ்சுக் குருக்கள் 1837–38இல் திரும்பிவந்து புதிய மதுரை மிஷனைத் தொடங்கினர். அவர்களுள் ஒருவரான பெர்த்ராந்து, பழைய மிஷனின் கடிதங்களைத் தொகுத்து 1847 முதல் 1854 வரை நான்கு தொகுதிகளாக வெளியிட்டார். நாயக்கர் கால வரலாற்றை எழுதியோர் பலரும் இத்தொகுதிகளை முதன்மைச் சான்றாகக் கையாண்டுள்ளனர்.

விழாக்கள்

உயிர்ப்பு ஞாயிறை ஒட்டி நிகழும் பாஸ்கா நாடகமும் அதனைத் தொடரும் தேர்த் திருவிழாவும் ஆவூரின் சிறப்பு விழாக்கள் ஆகும். இயேசுவின் பாடுகள், இறப்பு, உயிர்த்தெழுதல் ஆகியவற்றை நடித்துக் காட்டுவது பாஸ்கா எனப்படும். எழுத்தறிவு குறைந்த காலத்தில் விவிலியக் கதையை மக்கள் அறிந்துகொள்வதற்கு இது துணைநின்றது. தேர் இழுத்தல் தமிழகக் கோயில் விழா மரபிலிருந்து கிறித்தவ வழிபாட்டுக்கு வந்ததாகும். கிறித்தவர்களுடன் இந்துக்களும் முசுலிம்களும் இவ்வாலயத்துக்கு வருவதால், இது சமய நல்லிணக்கத்தின் சின்னமாகவும் கருதப்படுகிறது.

வட்டாரத்தின் பிற தேவாலயங்கள்

திருச்சிராப்பள்ளியில் உள்ள பழைய சீர்திருத்தச் சபை ஆலயங்கள் ஆவூருக்குக் காலத்தால் பிற்பட்டவை. சுவார்ட்சு ஐயர் கட்டிய கிறித்து ஆலயம் 1766ஆம் ஆண்டைச் சேர்ந்தது. 1826 ஏப்ரல் 3 அன்று திருச்சிராப்பள்ளியில் இறந்த கல்கத்தா ஆங்கிலிக்கன் ஆயர் ரெஜினால்டு ஹீபர், அந்நகரின் புனித யோவான் ஆலயத்தில் அடக்கம் செய்யப்பட்டார். இவை கோட்டையையும் படைத்தளத்தையும் சார்ந்து எழுந்தவை. ஆவூர் ஆலயமோ ஐரோப்பியப் படையோ வணிக நிலையமோ இல்லாத ஒரு சிற்றூரில், உள்ளூர் மக்களை மட்டும் சார்ந்து எழுந்தது என்பது இதன் தனித்தன்மையாகும்.

காலவரிசை

1606 – இராபர்ட் தெ நொபிலி மதுரைக்கு வருதல்
1640 – பண்டாரசாமி முறை தொடக்கம்
1655 – புஷே பிறப்பு
1693 – ஓரியூரில் அருளானந்தர் கொல்லப்படுதல்
1697 – ஆவூரில் முதல் ஆலயம்
1700 – ஆவூரிலிருந்து மர்த்தேன் அடிகளின் கடிதம்
1704 – தூர்னோனின் ஆணை
1714 – நீதி வழக்கங்கள் குறித்த புஷேயின் கடிதம்
1722 – புஷேயின் நிலப்படம் வெளியீடு
1732 – புஷே மறைவு
1744 – சடங்குச் சர்ச்சை முடிவு
1747 – வீரமாமுனிவர் மறைவு. ஆவூரில் புதிய ஆலயம்
1773 – இயேசு சபை கலைப்பு
1837–38 – புதிய மதுரை மிஷன்

இவற்றையும் பார்க்க

வீரமாமுனிவர்
இராபர்ட் தெ நொபிலி
அருளானந்தர்
இராணி மங்கம்மாள்
புதுக்கோட்டை சமத்தானம்
மரியாதை ராமன் கதைகள்
ஏலாக்குறிச்சி அடைக்கல மாதா ஆலயம்